கக்கத்தில் இல்லாத பிஸ்கட் டப்பா

ஒரு குடும்பம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறது என்று கண்டுபிடிப்பதும் என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. நிலத்தை அளக்க அரசாங்கம் எனக்குச் சங்கிலி கொடுத்திருந்தது. பக்தியை அளக்க ஒன்றும் கொடுக்கவில்லை, என் மூக்கை மட்டும் நம்பியது. நானும் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆகும்வரை வீடு வீடாகப் போய் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரே ஒரு விசாரணையை எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். ஊர் நெட்டப்பாக்கம் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

1. புகாரும் ஒரு வீடியோவும்

நிவேதா என்று ஒரு பெண். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். அப்பா ஏழுமலை கொத்தனார், வீட்டில் இரண்டு கறவை மாடு. அவளுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். கவுன்சிலிங் நெருங்கிவிட்டது. எஸ்.சி. சர்டிபிகேட் கைக்கு வந்தால் வெட்னரி சீட் கிடைக்கும். வராவிட்டால் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், ஊசி போட முடியாது. ஏழுமலை மனு போட்டுவிட்டுப் போன சூட்டோடு, அதே தெருவிலிருந்து புகாரும் வந்து சேர்ந்தது.

புகார் கொடுத்தவர் தனசேகர். சின்னச் சின்ன காண்ட்ராக்ட் எடுப்பவர், அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியில் முக்கியப் புள்ளி. அவரிடம் வேலைக்குப் போவதை ஏழுமலை நிறுத்திய நாளிலிருந்து தனசேகருக்கு மதப்பற்று அதிகமாகிவிட்டதாக ஊரில் பேச்சு.

"சார், அவங்க கிறிஸ்டியனு. வெளிய பொட்டு, உள்ள ஸ்தோத்திரம். நம்ம கோட்டாவுல பூந்து சீட்டு வாங்கப் பாக்குறாங்க. வுடக்கூடாது சார்" என்றார்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஸ்.சி. ஆள் கிறிஸ்தவராக மாறினால் அந்தச் சர்டிபிகேட் போய்விடும். சட்டம் அப்படி. ஞானஸ்நானத் தண்ணீரில் சர்டிபிகேட் கரைந்துவிடும், சாதி மட்டும் கரையாது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட இவர்களுக்குத் தனி மூலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அன்பே பெரிது என்று போதிக்கிறவர்கள். ஆகவே இந்த விசாரணை என்பது, ஒரு பெண் எந்தப் பக்கம் நின்று அவமானப்படுகிறாள் என்பதை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்யும் வேலை.

தனசேகரின் ஆதாரம் ஒரு யூடியூப் வீடியோ. மூலக்குளத்தில் பெரிய சபை நடத்தும் பாஸ்டர் ஒருவர், கோடை விடுமுறையில் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு நடந்த வேதாகமப் பள்ளியின் கடைசி நாளுக்கு வந்திருக்கிறார். கூடவே எல்இடி திரை, புகை விடும் மெஷின், டிரம் செட். எடுத்த வீடியோவுக்கு அவர் வைத்திருந்த தலைப்பு: 'ஒரு கிராமமே ஆண்டவருக்குள் வந்தது!' அதில் நிவேதா முன்னால் நின்று பொடிசுகளை வைத்து ஆக்‌ஷன் சாங் நடத்துகிறாள்.

குட்டிப் படகு ஆடுது,
கூட இயேசு தூங்குறார்.
காத்து வந்து சீறுது,
எழுந்து, 'சும்மா இரு' என்றார்!

படகு என்றால் உள்ளங்கையை ஆட்ட வேண்டும். தூங்குறார் என்றால் கன்னத்தில் கை. காத்துக்குக் கையைச் சுழற்ற வேண்டும். 'சும்மா இரு' வரும்போது ஆள்காட்டி விரலை விறைப்பாக நீட்ட வேண்டும். பாட்டு அவ்வளவுதான். ஆனால் ஒரு விசித்திரம். எல்லாமே வலது கையில்தான் நடந்தது. இடது கை விலாவோடு ஒட்டி, முழங்கை மடங்கி, எதையோ இடுக்கிக்கொண்டிருப்பது போல அசையாமல் இருந்தது. நிவேதா மட்டுமல்ல, அத்தனை குழந்தைகளும் அப்படித்தான்.

"இது ஏதோ சபை முத்திரை சார். இதுக்குள்ள பெரிய விஷயம் இருக்கு" என்றார் எங்கள் ஆபீஸ் கிளார்க். எனக்கும் மூக்கு அரித்தது. விசாரணைக்குக் கிளம்பினேன்.

2. மூன்று கேலண்டர்

மத விசாரணைக்குப் போகிற அதிகாரி முதலில் சுவரைத்தான் பார்ப்பார். சுவரில் உள்ள சாமிதான் வீட்டின் சாமி என்பது எங்கள் இலாகாவின் நம்பிக்கை. ஏழுமலை வீட்டுச் சுவரில் மூன்று கேலண்டர் தொங்கின. முருகன் படம் போட்டது உரக்கடைச் செட்டியார் கொடுத்தது. மசூதி படம் போட்டது மடுகரையில் அரிசிக் கடை வைத்திருக்கும் பாய் கொடுத்தது. இயேசு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும் படம் போட்டது மூலக்குளம் சபை கொடுத்தது. மூன்றும் ஒரே தேதியைத்தான் காட்டின.

"ஏம்பா, இந்த ஆட்டுக்குட்டி கேலண்டரை எதுக்கு மாட்டியிருக்க?" என்று கேட்டேன்.

"அதுல கட்டம் பெர்சா இருக்குது சார். பால் கணக்கு எழுத தோதா இருக்கும்."

"சர்ச்சுக்குப் போவீங்களா?"

"கட்டிக் குடுத்திருக்கேன் சார். மடுகரையில ஒண்ணு, பாகூர்ல ஒண்ணு. கோயில் கோபுரமும் பூசியிருக்கேன். மசூதிக்குக் காம்பவுண்டு போட்டது நாந்தான்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து டம்ளரில் மோர் கொண்டுவந்தவள், நெற்றிப் பொட்டு எனக்குத் தெரிகிற மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு அந்த மோர் இறங்கவில்லை. ஒரு மனுஷி தன் நெற்றியை இன்னொருவனுக்குச் சோதனைக்கு நீட்டுகிற மாதிரி வைத்துவிட்டோமே என்று கேவலமாக இருந்தது. ஆனாலும் 'பொட்டு உண்டு' என்று குறித்துக்கொண்டேன். சம்பளம் வாங்குகிறோமே.

நிவேதா மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். நான் பேசப் போனதும், "சார், சீட்டு போயிடுமா?" என்றாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

3. விலாவும் டப்பாவும்

மூலக்குளம் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். ஏசி அறை, மேசையில் மூன்று மைக். வீடியோ தலைப்பைக் காட்டினேன். "ஒரு கிராமமே ஆண்டவருக்குள் வந்ததுன்னு போட்டிருக்கீங்க. யார் யார் வந்தாங்கன்னு சொன்னா, அவங்க சர்டிபிகேட்டையெல்லாம் கேன்சல் பண்ணிடலாம்."

பாஸ்டரின் முகத்தில் இருந்த அபிஷேகம் இறங்கிவிட்டது. "பிரதர்... அது வந்து கேப்ஷன் பிரதர். வியூஸ் வரணும்ல? வந்ததுன்னா... டிரம்ஸ் பாக்க வந்தாங்க."

"ஒருத்தரும் மாறலையா?"

"நம்ம பதிவேட்டுல ஒருத்தரும் இல்ல பிரதர். நீங்க எழுதிக்குங்க."

மேடையில் கிராமத்தையே பிடித்தவர், மேசையில் ஒரு ஆளைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் போகிற போக்கில் இடது கை சமாச்சாரத்தைக் கேட்டேன். அவருக்கு உயிர் திரும்பியது. "அது ஆழமான சத்தியம் பிரதர்! ஆண்டவருடைய விலாவில் ஈட்டி பாய்ந்தது இல்லையா? அந்தக் காயத்தைக் குழந்தைங்க நினைவுகூர்றாங்க. இதப் பத்தி ரெண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணியிருக்கேன். லிங்க் அனுப்பட்டா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த ஊரில் உண்மையாகவே பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் டீச்சரிடம் போனேன். டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஜாக்கெட் தைப்பவர், வயது எழுபதைத் தாண்டும். நாற்பது வருஷத்துக்கும் மேலாக ரேஷன் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். படகுப் பாட்டு அவரே கட்டியது. விலாவில் பாய்ந்த ஈட்டியைப் பற்றிக் கேட்டதும், வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"ஈட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அது பிஸ்கட் டப்பா."

"என்னது?"

"பாட்டு முடிஞ்சா பிஸ்கட்டு குடுப்பேன். டப்பாவக் கீழ வச்சா பாட்டு முடியறதுக்குள்ள காலி. எல்லாம் திருட்டுப் பசங்க. அதனால கக்கத்துல இடுக்கினு, ஒத்தக் கையால ஆக்‌ஷன் சொல்லிக் குடுத்தேன். டீச்சரு செய்யற மாரியே செய்யணும்னு அதுங்களும் அப்படியே புடிச்சிக்கிச்சுங்க. ரெண்டு கையும் ஆட்டுங்கடான்னு கத்திப் பாத்துட்டேன். கேக்கல. இப்ப பெரிய புள்ளைங்க சின்னதுங்களுக்குச் சொல்லிக் குடுக்குதுங்க. டப்பாவே இல்லாம இடுக்கிக்குதுங்க."

"இந்த ஊர்ல யாரெல்லாம் உங்ககிட்ட வந்திருக்காங்க?"

"யாரு வர்ல சார்? பிஸ்கட்டு வேணான்னு சொன்ன புள்ளைய நான் இந்த ஊர்ல பாத்ததில்ல."

"நிவேதா கிறிஸ்டியனா?"

அவர் தையல் மெஷினை நிறுத்தினார். "ஞானஸ்நானம் எடுக்கல. நானும் கேக்கல. பாட்டக் கத்துக் குடுக்கறதோட என் வேல முடிஞ்சிது சார். மிச்சத்தப் பாட்டு பாத்துக்கும்."

4. சவுண்டு வைத்துப் போடுங்க

எங்கள் தாசில்தார் வெளியூர்க்காரர், வேலைக்குப் புதுசு. எதையும் நேரில் பார்த்துத்தான் முடிவெடுப்பேன் என்பார். இரு தரப்பையும் தன் அறைக்கு வரச் சொன்னார். ஒரு பக்கம் ஏழுமலையும் நிவேதாவும். இன்னொரு பக்கம் தனசேகர், சாட்சிக்கு அவர் கூட்டிவந்த கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர். மூன்று பேருக்கும் நெற்றி நிறைய விபூதி.

தாசில்தார் கம்ப்யூட்டரில் வீடியோவைப் போட்டார். படம் ஓடியது, சத்தம் இல்லை.

"சார், சவுண்டு வச்சிப் போடுங்க சார். பாட்டக் கேட்டாத்தான் விஷயம் தெரியும்" என்றார் தனசேகர்.

சவுண்டு வைத்தார்கள். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

குட்டிப் படகு ஆடுது என்று ஆரம்பித்ததும் நான் நிவேதாவைப் பார்த்தேன். அவளும் அப்பாவும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பயம். பிறகு இந்தப் பக்கம் திரும்பினேன். சாட்சிகளில் ஒருவரின் உள்ளங்கை லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. இன்னொருவர் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோய், சொறிவது போலச் சமாளித்தார். தனசேகர் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது முழங்கை மெதுவாக மடங்கி, விலாவோடு ஒட்டி, ஒரு டப்பாவை இடுக்கிக்கொண்டது. காத்து வந்து சீறியபோது வலது கை சுழன்றது. 'சும்மா இரு' வந்ததும் மூன்று பேருடைய ஆள்காட்டி விரல்களும் விறைத்து எழுந்து தாசில்தாரின் நெஞ்சுக்கு நேராக நின்றன.

தாசில்தார் வீடியோவை நிறுத்தினார்.

தனசேகர் தன் விரலைத் தானே பார்த்தார். யாரோ ஒட்டிவிட்டுப் போன விரலைப் பார்ப்பது போல இருந்தது.

"இடது கையில என்ன வச்சிருக்கீங்க?" என்று தாசில்தார் கேட்டார்.

சாட்சிகளில் மூத்தவர் யோசிக்காமல், "டப்பா சார்" என்றார்.

"என்ன டப்பா?"

"பிஸ்கட்டு டப்பா சார்."

நான் குனிந்து பேனாவைத் தேடினேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"நீங்க மூணு பேரும் கிறிஸ்டியனா?"

தனசேகர் துள்ளி எழுந்தார். "இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க! நான் தீமிதிக்கிறவன் சார். அது... சின்ன வயசுல... கை தானா போவுது சார்."

"அந்தப் பொண்ணு கையும் தானா போயிருக்கலாம் இல்லையா?"

"அவ ஸ்டேஜுல செஞ்சா சார்."

"நீங்க தாலுகா ஆபீஸ்ல செஞ்சீங்க." தாசில்தார் சாய்ந்து உட்கார்ந்தார். "உங்க பையன் எந்தக் கோட்டாவுல வேலைக்குப் போனான்?"

தனசேகர் மெதுவாக உட்கார்ந்தார். எல்லோருக்கும் தெரிந்த பதில்தான், அதே கோட்டாதான். பாட்டு பாடினால் மதம் மாறியதாகக் கணக்கு என்றால், அந்தத் தெருவில் முதலில் காலியாகிற சர்டிபிகேட் அவர் மகனுடையது. விபூதி வியர்வையில் இறங்கி மூக்கில் நின்றது. புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, மூவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கும்பிடும்போது இரண்டு கையும் வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தாசில்தாருக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. நேர்மையான அதிகாரிகளால் வருகிற தொல்லை இது.

"பயப்படாம சொல்லும்மா. இந்தப் பாட்டு உனக்கு வெறும் பாட்டுதானா?"

ஆமாம் சார் என்று சொல், முடிந்தது வேலை என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஏழுமலையும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பொய் வரவில்லை.

"போன வருசம் எங்க செவல மாடு கன்னு போட முடியாம கத்திக்கினு இருந்துச்சு சார். அப்பா வேலைக்குப் போயிட்டாரு. டாக்டரும் வர்ல. நான் ஒண்டிதான் இருந்தேன். அது கழுத்தப் புடிச்சிக்கினு இந்தப் பாட்டத்தான் பாடினேன். மாரியாத்தாள நெனச்சேன், ஆனா வாயில இதான் வந்துச்சு. பாடப் பாட மாடு அடங்கிச்சு சார். எனக்கும் பயம் போயிடுச்சு."

"படகுல தூங்குறாரே, அவர் எழுந்து வருவார்னு நம்பிப் பாடினியா?"

அவள் நன்றாக யோசித்தாள். "வந்தாரான்னு தெரியாது சார். ஆனா நான் ஒண்டியா இல்ல."

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் மதத்தைப் பற்றி உண்மை சொன்ன ஒரே ஆள் அவள்தான். அந்த உண்மையே அவளைக் கெடுக்கப் பார்த்தது. கோபமும் வந்தது. தனசேகர் மேல் இல்லை, அவர் சாதாரண அற்பர். ஒரு பெண் மாட்டைக் கட்டிக்கொண்டு பாடிய நேரத்தைக் கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிற எங்கள் வேலையின் மேல்.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "இதையும் ரிப்போர்ட்ல எழுதணுமா?"

"தேவையில்ல சார்" என்றேன். "மாடு மதம் மாறினதா நமக்குப் புகார் வரல."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

5. மெஷினுக்குள்

நிவேதா இப்போது வெட்னரி மூன்றாம் வருஷம். தனசேகரின் பசுவுக்கு மடி வீக்கம் வந்தபோது, லீவில் வந்திருந்தவள்தான் போய்ப் பார்த்தாளாம். அவரும் கூச்சமில்லாமல் கூப்பிட்டிருக்கிறார். பாஸ்டர் தலைப்பை மாற்றிவிட்டு அதே வீடியோவை மறுபடி போட்டிருக்கிறார்.

நான் ரிட்டயர் ஆன பிறகு தலைச்சுற்றல் வந்து, டாக்டர் மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். பாடையில் படுக்க வைப்பது போலப் படுக்க வைத்து உள்ளே தள்ளினார்கள். மூக்குக்கு மேலே சுவர். டமடமவென்று இடி. எனக்கு ஊரில் குலதெய்வம் உண்டு, சட்டைப்பையில் பெருமாள் படம் உண்டு. சட்டையைத்தான் வெளியில் கழற்றி வாங்கிக்கொண்டார்களே. பயத்தில் உடம்பு விறைத்துப்போனது. ஏதாவது மந்திரம் சொல்லலாம் என்று தேடினேன், ஒரு வரி வரவில்லை. விசாரணைக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த அந்தப் பாழாய்ப்போன வீடியோதான் வந்தது. குட்டிப் படகு ஆடுது.

மெஷின் நின்றது. ஸ்பீக்கரில் டெக்னீஷியன் பெண் கத்தினாள். "சார்! இடது கைய ஏன் மடக்குறீங்க? நேரா வையுங்க. படம் ஆடுது."

அப்போதுதான் உணர்ந்தேன். என் இடது கை விலாவோடு ஒட்டியிருந்தது. நான் எஸ்தர் டீச்சரிடம் ஒரு நாளும் படித்ததில்லை. ஒரு பிஸ்கட்கூடத் தின்றதில்லை.

"சாரிம்மா" என்றேன். கையை நேராக வைத்துக்கொண்டேன், பாட்டை நிறுத்தவில்லை. அந்தக் குழாய்க்குள் நான் ஒண்டியாக இல்லை. யார் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள், தெரியாது.

ஆகவே புது இன்ஸ்பெக்டர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு விஷயம்தான் இருக்கிறது. சுவரையும் நெற்றியையும் பார்த்து எழுதுங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் பயந்த நேரத்தில் என்ன பாடுவாய் என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். உண்மையைச் சொல்லிவிடுவார்கள், எழுத உங்களிடம் கட்டம் இருக்காது. என் சர்டிபிகேட்டில் இன்னும் இந்து என்றுதான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது என் மேல் புகார் கொடுப்பதானால் தாராளமாகக் கொடுக்கலாம். விசாரணைக்கு வருகிறவர் வரும்போது பிஸ்கட் வாங்கிக்கொண்டு வரட்டும். டப்பா என்னிடம் இருக்கிறது.